மெனு ஃபுட்ஸ் இழப்பீட்டு நிதி: பில் வைத்திருந்தவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு?

நாய், பூனைகளுக்கான நச்சு கலந்த உணவு தொடர்பான வழக்குகளைத் தீர்க்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 2008-ல் ஏற்படுத்தப்பட்ட சமரச நிதி 2.4 கோடி டாலர். நோக்கம் நல்லது, விதிகளும் மோசமில்லை. வேகத்தில்தான் கோட்டை விட்டது.

செல்லப்பிராணி உணவு தயாரிக்கும் கனடா நிறுவனமான மெனு ஃபுட்ஸ் 2007 மார்ச் 16 அன்று ஆறு கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பவுச்களையும் திரும்பப் பெறத் தொடங்கியது. சீனாவிலிருந்து வந்த கோதுமை க்ளூட்டனில் (கோதுமையின் புரதம்) மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்தது. வழக்கமான புரதச் சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் கலந்தாலே மட்டமான சரக்கு புரதம் நிறைந்ததாகக் கணக்குக் காட்டும். அதோடு சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு வேதிப்பொருளும் சேர்ந்ததால், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகங்கள் அடைத்துக்கொண்டன.

நிதியின் சிறந்த அம்சம், பில் இல்லாதவர்களையும் வெறுங்கையோடு அனுப்பாதது. ஆதாரம் காட்ட முடியாத, ஆனால் நியாயமான செலவுகளுக்கு 900 டாலர் வரை கேட்கலாம். ஆதாரம் இருந்தால் மருத்துவச் செலவு, இறந்த பிராணியின் மதிப்பு, அடக்கச் செலவு என எல்லாப் பொருளாதார இழப்புகளையும் கோரலாம். உணவைத் தின்றும் நோய்வாய்ப்படாத பிராணிக்குச் செய்த பரிசோதனைச் செலவுக்கும் இடம் இருந்தது, மொத்தம் 4 லட்சம் டாலர் வரம்போடு. வாங்கிய உணவின் விலையைத் திரும்பக் கேட்பவர்களுக்கு ஒதுக்கியது வெறும் 2.5 லட்சம். திரும்பப் பெற்ற டின்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இது எந்த மூலைக்கு?

மன வேதனைக்கு ஒரு காசும் இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் செல்லப்பிராணி உடைமைதான். உடைமை போனால் அதன் விலை கிடைக்கும், அவ்வளவே. சந்தை விலையே இல்லாத, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த பூனைக்கு இந்தக் கணக்கு எவ்வளவு அநியாயம் என்று சொல்ல வேண்டியதில்லை. வக்கீல் கட்டணமும் நிர்வாகச் செலவும் இதே நிதியிலிருந்துதான் போயின.

விண்ணப்பக் கெடு 2008 நவம்பர் 24. பிறகு, சமரசத்தை ஏற்காத சிலரின் மேல்முறையீடு. அந்த 2.5 லட்சம் ஒதுக்கீடு நியாயமானதா என்பதற்குப் போதிய தகவல் இல்லை என்று சொல்லி, 2010 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. பெரிய மருத்துவ பில்லைக் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள். சிறிய ஒரு பிரிவின் சச்சரவு மொத்தப் பட்டுவாடாவையும் நிறுத்தி வைக்கும்படி திட்டத்தை அமைத்ததுதான் பெரிய குறை.

இதுபோன்ற திட்டங்களில் குறிப்பிட்ட உணவுக்கும் நோய்க்கும் தொடர்பு காட்ட முடியாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஒரே ஆலையில் தயாரான சரக்கு பல பிராண்டுகளின் பெயரில் விற்றதால், பிராண்ட் பெயர் மட்டும் போதாது. உறை அல்லது டின்னில் உள்ள தொகுதி (பேட்ச்) எண்ணும் காலாவதித் தேதியும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். மிச்ச உணவைக் கொட்டாமல், இரட்டை உறையில் கட்டி, பெயரெழுதி ஃப்ரீசரில் வையுங்கள். குடும்பத்தார் உண்ணும் பொருட்களோடு சேர்க்காதீர்கள்.

மருத்துவரிடம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியேட்டினின் அளவுகளும் சிறுநீர்ப் பரிசோதனை முடிவும் எழுத்தில் வாங்குங்கள். பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதையும் இணையுங்கள். வயதான பூனைகளுக்குச் சிறுநீரக நோய் சாதாரணம் என்பதால், ‘முன்பே இருந்த நோய்’ என்ற வாதத்துக்கு அதுதான் பதில். பிராணி இறந்துவிட்டால் உடற்கூறு ஆய்வை உடனே கேளுங்கள். உடலைக் குளிர்பதனத்தில் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது: உறைந்தால் திசுக்கள் சிதைந்து நுண்ணோக்கிச் சோதனை கெட்டுவிடும். கடை ரசீது தொலைந்திருந்தால் வங்கி அட்டைக் கணக்கும் கடையின் உறுப்பினர் அட்டைப் பதிவும் கைகொடுக்கும்.

தயாரிப்பாளர் நேரடியாகக் காசோலை நீட்டினால், பின்புறமோ இணைப்புக் கடிதத்திலோ ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே வங்கியில் போடுங்கள்.