டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன்: நாலு பேர் குரல்ல ஒரு செகரட்டரி

ஒரு வருஷமா இன்ஸ்டால 'செகரட்டரி சார்'னு ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரி கேரக்டர் பண்ணிட்டு இருக்கேன். தோள்ல துண்டு, மூக்கு நுனில கண்ணாடி, கைல மோட்டார் ரூம் சாவி. தண்ணி ஏன் வரலன்னு யாராவது கேட்டா பதில் சொல்வாரு, ஆனா அவர் வாயில வர்ற ஒரு வார்த்தை கூட என்னோடது கிடையாது. பாதி வாக்கியம் கவுண்டமணி, மீதி ரகுவரன், முடிக்கிறப்போ பழைய டிவி நியூஸ் வாசிக்கிற குரல். நான் சும்மா வாயசைக்கிறேன், அவ்ளோதான். எதுல எடிட் பண்றீங்கன்னு கேக்குறவங்களுக்காக, டாவின்சி ரிசால்வ்ங்கிற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் பத்தி இந்த ரிவ்யூ.

முதல்ல ஒரு மொபைல் ஆப்ல பண்ணேன், பேரு வேணாம். ஃப்ரீன்னு சொல்லிட்டு எக்ஸ்போர்ட் பண்றப்போ கரெக்டா செகரட்டரி கண்ணாடி மேலயே வாட்டர்மார்க் குத்தி வச்சுச்சு. அப்புறம்தான் ரிசால்வுக்கு வந்தேன். ஆஸ்திரேலியாவுல இருக்குற பிளாக்மேஜிக் கம்பெனியோடது, சினிமாக்காரங்க கலர் கரெக்‌ஷன் பண்றதுக்குன்னு பொறந்த சாஃப்ட்வேர். ஃப்ரீ வெர்ஷன்லயே வாட்டர்மார்க் இல்லாம 4கே வரைக்கும் எக்ஸ்போர்ட் பண்ணலாம். ஸ்டுடியோன்னு காசு குடுக்குற வெர்ஷன் 295 டாலர், ஒரு தடவை கட்டினா போதும், மாசா மாசம் கிடையாது. நான் இன்னும் கட்டல.

இந்த மாதிரி கேரக்டர் பண்ணணும்னு ஆசை வந்ததே நேசமணியாலதான். 2019 மே மாசம் ஞாபகம் இருக்கா? ஒரு ஃபேஸ்புக் பேஜ்ல சுத்தியல் படம் போட்டு உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேக்க, நம்மாளு ஒருத்தர் கான்ட்ராக்டர் நேசமணி தலையில விழுந்தது இதுதான்னு சீரியஸா பதில் போட, ட்விட்டர் பூரா அவருக்கு பிரார்த்தனை. 2001ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துல வடிவேலு பண்ண கேரக்டருக்கு உலகம் உடம்பு எப்படி இருக்குன்னு விசாரிச்சுது. அன்னைக்கு புரிஞ்சுது, பழைய கிளிப்ப ஜோக்கா தூக்கிப் போடுறது ஒண்ணு, அதுலேர்ந்து ஒரு ஆளையே எழுப்பி நடமாட விடுறது வேற ஒண்ணு. ரெண்டாவதுக்கு விவரம் வேணும், யாரு, எங்க, எதால அடிபட்டாருன்னு.

சரி மேட்டருக்கு வரேன். இந்த வேலைக்கு ரிசால்வ்ல எனக்கு உயிர் எதுன்னு கேட்டா, எல்லாரும் புகழ்ற கலர் இல்ல, ஃபேர்லைட்ங்கிற ஆடியோ பேஜ். உதாரணத்துக்கு, செகரட்டரின்னா 'மெயின்டனன்ஸ்'னு சொல்லாம இருப்பாரா? நான் தேடுன வரைக்கும் எந்த பழைய காமெடிலயும் அந்த வார்த்தை மாட்டல. அதனால மூணு படத்துலேர்ந்து செஞ்சேன். 'மெயின் ரோடு'லேர்ந்து மெயின், 'டென்ஷன்'லேர்ந்து டெ, 'ஃபைனான்ஸ்'லேர்ந்து னான்ஸ். எடிட் பேஜ்ல வெட்டினா ஒரு ஃப்ரேம்தான் குறைஞ்சபட்சம், அதாவது 24 ஃப்ரேம் வீடியோன்னா செகண்டுல 24ல ஒரு பங்கு, இந்த வேலைக்கு அதுவே பெருசு, 'டென்'னோட ன் வால் ஒட்டிட்டே வருது. ஃபேர்லைட்ல ஃப்ரேமுக்கும் கீழ போய் அந்த ன் ஆரம்பிக்கிற எடத்துலயே வெட்டி, சின்னதா ஒரு கிராஸ்ஃபேட் (ஒரு சத்தம் மெல்ல குறைய இன்னொண்ணு மெல்ல ஏறுறது) குடுத்தா ஒட்டுன தழும்பு தெரியல. அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரி போச்சு, அது வேற விஷயம். ட்ராக்குக்கு ட்ராக், சத்தத்தோட கனத்தையும் கூர்மையையும் ஏத்தி இறக்குற ஈக்வலைசர் வேற இருக்கு, பழைய படத்துல அடியில ஓடுற இரைச்சல குறைச்சு புதுப்படத்து குரலோட கூர்மைய கொஞ்சம் மழுக்குனா ரெண்டும் ஒரே தொண்டையிலேர்ந்து வர்ற மாதிரி ஆயிடும்.

ஒரு குறை, குரல தனியா பிரிக்கிற வாய்ஸ் ஐசோலேஷன் ஸ்டுடியோ வெர்ஷன்ல மட்டும்தான். பின்னாடி மியூசிக் ஓடுற டயலாக்க வார்த்தை வார்த்தையா வெட்டினா மியூசிக் விக்கல் எடுத்த மாதிரி குதிக்கும். அதுக்கு அல்டிமேட் வோகல் ரிமூவர்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஃப்ரீயா இருக்கு, அதுல முதல்ல பிரிச்சு எடுத்துட்டு வரேன். இல்லன்னா பிஜிஎம் இல்லாத சீனா பாத்து எடுங்க, கவுண்டமணி செந்தில் காமெடில அது நிறைய கிடைக்கும்.

பின்னாடி வேற படம் வைக்கிறதுக்கு பச்சைத்துணி கட்டி எடுக்குற மேட்டர்ல தப்பு என்னோடது. கட்டில் பெட்ஷீட் பச்சை, அத பின்னாடி தொங்கவிட்டு எடுத்தேன், ஒரு கலர மட்டும் அழிக்கிற கீயர்ல பச்சைய அழிச்சா சார் தோள்ல இருந்த துண்டோட பச்சைக்கரையும் சேந்து போயி தோளுக்கு நடுவுல, பின்னாடி வச்ச படத்துல இருந்த வாட்டர் டேங்க் தெரியுது. அந்த வீடியோதான் அதிகமா ஓடுச்சு, என்ன சொல்ல.

கம்ப்யூட்டர் நல்லா வேணும், 16 ஜிபி ராம் இல்லாம இறங்காதீங்க, என் 8 ஜிபி லேப்டாப்ல ப்ராக்ஸி, அதாவது வீடியோவோட சின்ன சைஸ் காப்பி போட்டுத்தான் ஓட்டுறேன். இன்னொண்ணு, ஃபோன்ல எடுக்குற வீடியோவுக்கு பெரும்பாலும் ஃப்ரேம் ரேட் நிலையா இருக்காது, அப்படியே போட்டா மூணாவது நிமிஷத்துல வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம் போகும். ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போட்டு கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டா மாத்திட்டு உள்ள கொண்டு வாங்க.

காப்பிரைட் பத்தி கேக்குறாங்க. நம்ம நாட்டு 1957 காப்பிரைட் சட்டத்துல 52வது பிரிவுல விமர்சனத்துக்கு நியாயமா எடுத்துக்கலாம்னு இருக்கு, ஆனா பகடின்னு பேர் சொல்லி எங்கயும் இல்ல. யூடியூப்ல கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது இது எங்க கிளிப்னு உரிமைக்காரங்க பேர்ல வர்ற நோட்டீஸ், வந்தா பயப்பட வேணாம், பெரும்பாலும் விளம்பரக் காசுதான் அவங்களுக்கு போகும். காப்பிரைட் மீறினதா சேனலுக்கே விழுற ஸ்ட்ரைக் வேற, 90 நாளுக்குள்ள மூணு வந்தா சேனல் காலி. நான் பாட்டு பக்கமே போறதில்ல.

கடைசியா ஒரு விஷயம், இவ்ளோ வெட்டி ஒட்டியும் ஆரம்பத்துல சார் குரல் நாலு ரூம்லேர்ந்து வர்ற மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் எங்க ஹால் ஃபேன் சத்தத்த ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி டைம்லைன் முழுக்க அடியில சன்னமா ஓட விட்டேன். அவ்ளோதான், கவுண்டமணி ரகுவரன் நியூஸ் எல்லாம் ஒரே அசோசியேஷன் ஆபீஸ்ல வந்து உக்காந்துட்டாங்க. ஃபேன மூணுல வச்சு எடுங்க, அஞ்சுல வச்சா மைக்ல காத்து அடிக்கும்.