போஸ்டரை நம்பி வருடச் சந்தா கட்டாதீர்கள்

குத்துச்சண்டை பார்ப்பதற்காக ஏதாவது ஒரு ஆப்பில் வருடச் சந்தா கட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். முதலில் இதைப் படித்துவிடுங்கள். ஒரே சண்டைக்காக நான் இரண்டு இடத்தில் பணம் கட்டினேன். அப்படியும் அந்தச் சண்டையை முழுசாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஆப்களின் பெயரையோ, சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்தும் புரமோட்டர்களின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு கம்பெனியோடு நின்றுவிடும் என்பது இன்னொரு காரணம். இது நாளைக்கு வேறொரு ஆப்பில், வேறொரு சண்டைக்கு, உங்களுக்கும் நடக்கும்.

பத்து வருடமாக நான் விடாமல் பார்த்துவரும் ஒரு வீரர் இருக்கிறார். அவருடைய புரமோட்டருக்கு ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்தோடு ஒப்பந்தம். ரசிகர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த எதிராளியோடு அவர் மோதப் போகிறார் என்று அந்த ஆப்பின் முதல் பக்கத்தில் போஸ்டர் வந்தது. இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டி நிற்கிற படம். கீழே பெரிய எழுத்தில் ‘இங்கே மட்டும்’. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘விரைவில்’. எந்த ஊர், எந்த அரங்கம் என்று ஒரு வார்த்தை இல்லை. இப்போது நினைத்தால் அந்த வெற்றிடம்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. மாதாமாதம் கட்டுவதைவிட வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்று பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கட்டிவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்துச் செய்தி வந்தது. எதிராளியின் புரமோட்டரோடு பேச்சு முறிந்துவிட்டது, சண்டை ஏலத்துக்குப் போகிறது என்று. ஏலத்தில் எதிர்த்தரப்பு ஜெயித்தது. சண்டை அவர்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும் வேறு தளத்துக்குப் போனது, அதுவும் தனிக்கட்டணம் கட்டிப் பார்க்கிற பே-பர்-வியூவாக. என் ஆப்பில் அந்த போஸ்டர் அன்றைக்கு இரவே காணாமல் போனது. அதே இடத்தில் வேறு இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். விதிமுறைகளில் ஒரு பத்தியை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள்: நிகழ்ச்சிகள் முன்னறிவிப்பின்றி மாறலாம், சந்தா எந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கும் உத்தரவாதம் ஆகாது. கூடவே, வருடம் முழுக்க இன்னும் பல சண்டைகள் இருக்கின்றன, கண்டு மகிழுங்கள் என்று ஒரு வரி. அந்த வரிதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கையெழுத்தே ஆகாத சண்டையின் படத்தைப் போட்டு விற்றுவிட்டு, விற்றது அந்தச் சண்டையை இல்லை என்கிறார்கள்.

சரி, சண்டையையாவது பார்த்துவிடலாம் என்று அடுத்த தளத்தில் பே-பர்-வியூ வாங்கினேன். தம்பி தடுத்தான். “வேணாம்ணா, முதல்ல போன காசே இன்னும் திரும்பி வரல.” கேட்கவில்லை. பத்து வருடம் காத்திருந்த சண்டை.

முக்கியச் சண்டைக்கு முன்னால் நடக்கும் அண்டர்கார்டு சண்டைகள் எல்லாம் கண்ணாடி மாதிரி ஓடின. முக்கியச் சண்டையின் முதல் நான்கு ரவுண்டும் நன்றாகவே இருந்தது. ஐந்தாவது ரவுண்டின் நடுவில், என் வீரர் இடது கையை நீட்டிய நிலையில் படம் உறைந்தது. நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஆப்பை மூடித் திறந்தேன், போனில் போட்டேன், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினேன். தம்பி தன் போனில் யூடியூப் போட்டுக் காட்டினான், இம்மி பிசகாமல் ஓடியது. கோளாறு எங்கள் இணைப்பில் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. படம் திரும்பி வந்தபோது ஏழாவது ரவுண்டு முடிந்துகொண்டிருந்தது. என் வீரரின் வலது புருவம் கிழிந்து ரத்தம் கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது.

குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். அந்தக் காயம் குத்தில் வந்ததா, தலை மோதி வந்ததா என்பதில்தான் முடிவே இருக்கிறது. குத்தில் வந்த காயத்தால் சண்டை நின்றால் காயம்பட்டவர் தோற்றவர். தலைகள் தற்செயலாக மோதி வந்த காயம் என்றால், நான்கு ரவுண்டு முடிந்துவிட்ட நிலையில் நடுவர்களின் புள்ளிகளை எண்ணி முடிவு சொல்வார்கள். ஒன்பதாவது ரவுண்டில் மருத்துவர் நிறுத்தச் சொன்னார், முடிவு புள்ளிகளுக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்று சொல்ல வேண்டுமானால் ஆறாவது ரவுண்டைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது அந்த வட்டத்தை மட்டும்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, உங்கள் கணக்கில் நிகழ்ச்சி முழுவதும் ஓடியதாகப் பதிவாகியிருக்கிறது, மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. முடிவு தெரிந்த சண்டையைப் பார்க்க யார் பே-பர்-வியூ வாங்குவார்கள்?

ஏன் இப்படி நடக்கிறது என்று அப்புறம் உட்கார்ந்து படித்தேன். கால்பந்தில் பிரீமியர் லீக் மாதிரி ஒரு அமைப்பு எல்லா அணிகளுக்கும் சேர்த்து ஒளிபரப்பு உரிமையைப் பல வருடத்துக்கு விற்கிறது. ஆட்டம் எந்தச் சேனலில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். குத்துச்சண்டையில் அப்படி ஒரு லீக்கே கிடையாது. ஒவ்வொரு புரமோட்டரும் தன் கையில் இருக்கும் வீரர்களை வைத்துத் தனித்தனியாக ஒப்பந்தம் போடுகிறார். நாம் கட்டும் சந்தா ஒரு புரமோட்டரின் கொட்டகைக்குள் நுழைய வாங்கும் சீட்டு. எதிராளி வேறொரு கொட்டகையைச் சேர்ந்தவர் என்றால், சண்டை எந்தக் கொட்டகையில் நடக்கும் என்று கையெழுத்தாகிற வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது.

உலகச் சாம்பியன்களான மேவெதர், பாக்கியாவ் இருவரின் சண்டைக்கான பேச்சு 2009 இறுதியில் தொடங்கியது. சண்டை நடந்தது 2015 மே 2ஆம் தேதி. தடைகள் பல இருந்தன. அவற்றில் ஒன்று, பாக்கியாவ் தன் புரமோட்டர் பாப் ஆரமின் டாப் ரேங்க் நிறுவனம் வழியாக எச்பிஓ சேனல் பக்கமும், மேவெதர் அதன் போட்டிச் சேனலான ஷோடைம் பக்கமும் இருந்தது. கடைசியில் இரண்டு சேனலும் சேர்ந்து ஒளிபரப்பின. அமெரிக்காவில் 46 லட்சம் பேர் வாங்கினார்கள். எச்டியில் பார்க்க 100 டாலர். அன்றைக்குக்கூட கேபிள் நிறுவனங்களால் ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் சண்டை தாமதமாகத்தான் தொடங்கியது.

ஏலத்தில் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் நடந்த லோபஸ், கம்போசோஸ் சண்டையைவிட நல்ல உதாரணம் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் பட்டம் கொடுக்கும் அமைப்பு மூடிய உறையில் விலை கேட்கும். கூடுதலாகக் கேட்டவருக்குச் சண்டையும் ஒளிபரப்பும் போகும். லோபஸ் டாப் ரேங்க் வீரர், அவர் சண்டைகள் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனலில்தான் வந்துகொண்டிருந்தன. ஏலத்தில் டிரில்லர் என்ற புது நிறுவனம் 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு இரண்டு பழைய புரமோட்டர்களையும் தூக்கிச் சாப்பிட்டது. அப்புறம் தேதி மாறியது, இடம் மாறியது, திரும்பவும் தேதி மாறியது. கடைசியில் டிரில்லர் சண்டையை நடத்தத் தவறிவிட்டது என்று பட்டம் கொடுக்கும் அமைப்பான ஐபிஎஃப் அறிவித்து, உரிமையை புரமோட்டர் எடி ஹெர்னின் மேட்ச்ரூம் நிறுவனத்துக்குக் கொடுத்தது. சண்டை நவம்பர் 27ஆம் தேதி டாசோன் என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் வந்தது. லோபஸுக்காக இஎஸ்பிஎன்னுக்குப் பணம் கட்டியவர் ஒரு பக்கம், டிரில்லரை நம்பியவர் இன்னொரு பக்கம் நின்றார்கள்.

புரமோட்டரும் சேனலும் நிரந்தர ஜோடி என்று நினைக்காதீர்கள். எச்பிஓ 45 வருடம் குத்துச்சண்டை காட்டிவிட்டு 2018இல் கடையைக் கட்டியது. ஷோடைம் 2023இல் விலகியது. டாப் ரேங்க், இஎஸ்பிஎன் ஒப்பந்தம் 2025இல் முடிந்தது. பே-பர்-வியூவுக்கு முடிவு கட்டுவதாகச் சொல்லி 2018இல் அமெரிக்காவுக்கு வந்த டாசோன், மாதம் 9.99 டாலரில் தொடங்கி மறுவருடமே 19.99 ஆக்கியது. 2022 மே மாதம் கனெலோ, பிவோல் சண்டையைச் சந்தாதாரர்களுக்கே பே-பர்-வியூவாக விற்றது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்கலாம். மேவெதர் சண்டைக்கு முன்பே பாக்கியாவ் தோளில் காயம் இருந்ததை மறைத்தார்கள் என்று ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். 2019இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பணம் கட்டியதற்கு ஒரு முழுச் சண்டை கிடைத்துவிட்டது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்பது நஷ்டம் ஆகாது என்பதுதான் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் ஜீரணமாகவில்லை. ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிகிறது: ‘நன்றாக இல்லை’ என்ற புகார் நிற்காது, ‘எனக்கு வந்து சேரவே இல்லை’ என்பதற்குத்தான் ஆதாரம் சேர்க்க வேண்டும். ஸ்ட்ரீம் நின்றுபோவது சின்னக் கம்பெனிக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் காட்டிய டைசன், ஜேக் பால் சண்டையிலேயே எத்தனையோ பேர் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் சண்டைத் தேதியும் அரங்கமும் அறிவித்து டிக்கெட் விற்பனை தொடங்குகிற வரைக்கும் காசைக் கையிலேயே வைத்திருங்கள். உங்கள் வீரரின் புரமோட்டர் யார் என்று பார்ப்பதோடு எதிராளியின் புரமோட்டரையும், அவர் ஒப்பந்தம் எந்தத் தளத்தோடு என்பதையும் தேடுங்கள். நான் கோட்டை விட்டது அங்கேதான். எவ்வளவு மலிவு என்று காட்டினாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டிய கையோடு தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள், பொதுவாக மீதி நாள் பார்க்க அது தடையாக இருக்காது. விளம்பரத்தை அன்றைக்கே தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படம் நின்றால் இன்னொரு போனில் வீடியோ எடுங்கள், கடிகாரமும் தெரியட்டும். ஆத்திரத்தில் இலவச லிங்க் தேடிப் போய் கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய குழி.

இரண்டு கட்டணத்தையும் மறுத்து கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்தேன். பே-பர்-வியூ பணம் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. தம்பி அன்றைக்கு எடுத்த வீடியோதான் காப்பாற்றியது: ஒரு போனில் உறைந்த படம், இன்னொன்றில் ஓடும் யூடியூப், சுவரில் கடிகாரம். வருடச் சந்தா விஷயம் இன்னும் தொங்குகிறது. ‘இங்கே மட்டும்’ என்று போட்ட அந்த விளம்பரத்தைக் காட்டு என்று வங்கி கேட்கிறது. என்னிடம் இல்லை, அவர்கள் பக்கத்திலும் அழித்துவிட்டார்கள். அதே போஸ்டரைப் பார்த்து நீங்களும் கட்டியிருந்து, படம் சேமித்து வைத்திருந்தால், தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். பதில் கொடுக்க வங்கி தந்திருக்கும் அவகாசம் இன்னும் பன்னிரண்டு நாள்.