இரும்புச்சத்தா, மெலடோனினா? முதலில் கால்களைக் கவனியுங்கள்

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) உள்ள பிள்ளை ராத்திரி பதினொன்றாகியும் கொட்டக் கொட்ட விழித்திருந்தால், பெற்றோர் காதில் முதலில் விழும் பெயர் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரை. இப்போது இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: படுத்த பிறகு பிள்ளையின் கால்கள் என்ன செய்கின்றன?

சில பிள்ளைகளுக்குப் போர்வை கால்மாட்டில் சுருண்டு கிடக்கும். ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். "உள்ளே என்னமோ ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்பார்கள். எழுந்து நாலு நடை நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி தொடங்கும். சாயங்காலத்துக்கு மேல்தான் இந்தப் பாடு. இதை அடம் என்று திட்டிவிடாதீர்கள், பாவம். அமைதியற்ற கால்கள் என்ற கோளாறாக இருக்கலாம், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது. அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தை மூளை தயாரிக்க இரும்பு தேவை. கையிருப்பு குறைந்தால் கால்கள் அடங்குவதில்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால்தான் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால் கோளாறுக்கோ கணக்கே வேறு: 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், 50க்குக் கீழே இருந்தாலே குழந்தைகளுக்கு வாய்வழி இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. ஆக, அறிக்கையில் 'நார்மல்' என்று அச்சாகி வரும் 22, இந்தப் பிள்ளைக்குப் போதாது. காய்ச்சல், சளி நேரத்தில் எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

மெலடோனின் வேலை செய்வது உடம்பின் கடிகாரத்தில். கால்கள் சும்மா கிடந்தும் தூக்கம் மட்டும் நேரம் தள்ளி வரும் பிள்ளைக்கு அதுதான் பொருத்தம். 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள 105 குழந்தைகளில் மெலடோனின் எடுத்தவர்கள் ஏறக்குறைய 27 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பகல்நேர நடத்தை மாறவில்லை. பலன் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். இரும்புக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். மலச்சிக்கல், கறுத்த மலம், வயிற்றுவலி எல்லாம் வரலாம். பாலோடோ தேநீரோடோ கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது.

ஆனாலும் கால் கோளாறும் குறைந்த ஃபெரிட்டினும் சேர்ந்திருந்தால் என் ஓட்டு இரும்புக்கே, அது காரணத்தையே சரிசெய்வதால். ஃபெரிட்டின் பார்க்காமல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தேவையில்லாத இரும்பு உடம்பில் தங்கும், சுலபமாக வெளியேறாது. அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரும்பு மாத்திரைப் புட்டியை எப்போதும் பூட்டி வையுங்கள். வீட்டில் இன்னொரு சின்னது இருந்தால், மிட்டாய் என்று நினைத்து விழுங்கும் சில மாத்திரைகளே அதன் உயிருக்கு ஆபத்து.