உசாத்துணைப் பட்டியலுக்கு ஸொட்டேரோ: வன்னியில் ஆய்வு எழுதுபவர்களுக்கான மதிப்பீடு

ஒரு கட்டுரையில் 45 உசாத்துணைகள். முதலாவது ஆய்விதழ் ‘எங்கள் பரப்புக்குள் வராது’ என்று திருப்பிவிட்டது. அடுத்த இதழ் ஆசிரியர்–ஆண்டு முறையை ஏற்காது, சதுர அடைப்புக்குள் எண் கேட்கிறது. கையால் மாற்றப் புகுந்தால் இரண்டு இரவு போய்விடும். கடைசியில் பார்த்தால் 17ஆம் இலக்கம் இரண்டு தரம் வந்திருக்கும். உசாத்துணைகளைச் சேமித்து, மேற்கோளாகவும் பட்டியலாகவும் இட்டுத்தரும் ஸொட்டேரோ மென்பொருளில் கோத்த கட்டுரையென்றால் இது ஒரு நிமிட வேலை. வவுனியாப் பல்கலைக்கழகம் உள்ள பம்பைமடுவிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகம் உள்ள அறிவியல்நகரிலோ இருந்து கட்டுரை அனுப்புகிற ஒருவர் இந்த மென்பொருளைப் பழகுவதற்கு இந்த ஒரு காரணமே போதும். தமிழ் மூலங்களை நம்பி எழுதுபவருக்கு மட்டும் இது அரைவாசித் தூரம்தான் கூட வரும்.

ஸொட்டேரோ 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கேட்காது. வன்னிக்கு இது பொருந்துவதற்கு விலையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பதிவுகள், பிடிஎஃப், குறிப்புகள் எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். இணைப்பு விழுந்தாலும் தேடலாம், வாசிக்கலாம், வேர்ட்டில் மேற்கோள் செருகலாம். உலாவிக்குள்ளேயே எழுதச் சொல்கிற கருவிகளில் இணைப்புப் போனால் வேலையும் பெரும்பாலும் நின்றுவிடும்.

நிறுவியதும் முதலில் கைவைக்க வேண்டியது அமைப்புகளில். இணையப் பக்கத்தைச் சேமிக்கும்போது அதன் முழுப் பிரதியையும் தானாக எடுக்கும் தெரிவை நிறுத்துங்கள். ஒத்திசைவில் பதிவுகளை மட்டும் விட்டு, கோப்புகளை நிறுத்துங்கள். பதிவுகளின் ஒத்திசைவுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. கோப்புகளுக்கான இலவச இடம் 300 எம்பி மட்டுமே. ஸ்கான் செய்த அறிக்கைகள் சிலவற்றோடு அது நிரம்பிவிடும், டேட்டாவும் கரையும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டொலர். ஒரு கணினியில் மட்டும் வேலை செய்பவருக்கு அந்தச் செலவு வேண்டாம்: மென்பொருளை மூடிவிட்டு, அதன் கோப்புறையை அப்படியே பென் டிரைவுக்குக் கிழமைக்கு ஒருமுறை பிரதி செய்தால் போதும். அந்தக் கோப்புறையை கூகுள் டிரைவுக்குள்ளோ டிராப்பாக்ஸுக்குள்ளோ கொண்டுபோய் வைப்பது கெட்டித்தனமாகத் தோன்றும். வைக்காதீர்கள். தரவுத்தளம் திறந்திருக்கும்போதே ஒத்திசைவு அதைப் பிடித்து இழுக்கும், நூலகம் பழுதாகும்.

பதிவு சேர்க்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. உலாவியில் கனெக்டர் என்ற நீட்சியைப் போட்டு, கட்டுரையின் பக்கத்தில் நின்று அதன் பொத்தானை அழுத்துவது ஒன்று. டி.ஓ.ஐ. இலக்கத்தையோ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாளம்) நூலின் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தையோ மந்திரக்கோல் படமுள்ள பொத்தானில் ஒட்டுவது மற்றது. இரண்டாவதுதான் நம்பகமானது, டேட்டாவும் குறைவு. இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தந்த உசாத்துணைகளை அப்படியே ஒட்டிக்கொண்டு வருகிற இறுதியாண்டு ஆய்வேடுகள் இப்போது ஏராளம். அந்த டி.ஓ.ஐ. இலக்கங்களை மந்திரக்கோலுக்குக் கொடுத்துப் பாருங்கள்: இட்டுக்கட்டிய இலக்கம் என்றால் ஒன்றில் பதிவே வராது, அல்லது சம்பந்தமில்லாத வேறொரு கட்டுரை வந்து நிற்கும். மேற்பார்வையாளருக்கு இதைவிட மலிவான சோதனை கிடைக்காது. பின்வாங்கப்பட்ட கட்டுரைகளையும் ஸொட்டேரோ சிவப்பு எச்சரிக்கையோடு காட்டும். அனுப்புவதற்கு முதல்நாள் நூலகத்தில் ஒருமுறை அதைப் பார்த்துவிடுங்கள்.

வந்த பதிவை அப்படியே நம்பினால்தான் கெட்டுப்போகும். முதல் பிழை பெயரில் வரும். நம்மிடம் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். தகப்பன் கந்தையா, மகன் சிவபாலன் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இதழின் தரவில் அவர் ‘சிவபாலன், க.’ என்று இருப்பார், இன்னொன்றில் ‘சிவபாலன், கந்தையா’, மூன்றாவதில் தலைகீழாகக் ‘கந்தையா, எஸ்.’ மூன்றும் ஒரே ஆள் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையான ஏ.பி.ஏ. முறையில் ஒரே கடைசிப் பெயருள்ள இருவர் வந்தால் வேறுபடுத்த முன்னெழுத்துச் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் கட்டுரையில் ‘சிவபாலன், 2018’ என்று வர வேண்டிய இடத்தில் ‘க. சிவபாலன், 2018’ என்று விழும். மென்பொருள் கோளாறு என்று பலர் நினைப்பது இதைத்தான். நூலகத்தில் மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, வேர்ட்டில் ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தினால் மறைந்துவிடும்.

இரண்டாவது, நிறுவனம் ஆசிரியராக வருவது. நெல் விளைச்சல், மழைவீழ்ச்சி, குடிசனத்தொகை என்று எதை எழுதினாலும் திணைக்கள அறிக்கை இல்லாமல் வன்னி பற்றி ஒரு பந்தி நகராது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரை இரண்டு கட்டமாக உள்ளிட்டால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி ‘ஸ்டட்டிஸ்டிக்ஸ், டி.’ என்று ஒரு மனிதரை உருவாக்கிவிடும். பெயர்க் கட்டத்துக்கு அருகிலுள்ள சிறிய பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றி முழுப் பெயரையும் எழுதுங்கள். மீளாய்வாளர் முதலில் சிரிப்பது இந்த வரியைப் பார்த்துத்தான்.

மூன்றாவது, ஆங்கிலத் தலைப்பின் பெரிய எழுத்துகள். சில இதழ்களின் தரவில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும், சிலவற்றில் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்து. ஏ.பி.ஏ.க்குத் தலைப்பின் முதற்சொல், துணைத்தலைப்பின் முதற்சொல், சிறப்புப் பெயர்கள் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஸொட்டேரோ அதைத் தானாகச் செய்யாது. தலைப்பில் வலது பொத்தானை அழுத்தி வாக்கிய வடிவத்துக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு இரணைமடு, முத்தையன்கட்டு, நந்திக்கடல் என்ற இடப்பெயர்களைக் கட்டாயம் பாருங்கள். அவற்றின் முதலெழுத்தும் சேர்ந்து சிறிதாகியிருக்கலாம். தலைகீழ் மாற்றம், அதாவது எல்லாச் சொல்லும் பெரிதாக வேண்டிய பாணி, தானாகவே நடக்கும். ஆகவே நூலகத்தில் எப்போதும் வாக்கிய வடிவிலேயே வைத்திருப்பது லாபம். நெல்லின் அறிவியற் பெயர் ‘ஒரைசா சட்டைவா’ போல உயிரினப் பெயர் தலைப்பில் வந்தால் சாய்வெழுத்து வேண்டும்: வலைப்பக்கங்களில் பாவிக்கிற ‘<i>’ குறியை அதன் முன்னும் ‘</i>’ குறியை அதன் பின்னும் இட்டால் சாயும். விவசாயத்திலும் உயிரியலிலும் எழுதுபவர்கள் இதைச் செய்யாமல் விட்டால் முப்பது இடத்தில் கையால் சாய்க்க நேரிடும். அடுத்த ‘ரிஃப்ரெஷ்’ அவ்வளவையும் நிமிர்த்திவிடும்.

தமிழ் மூலங்களில் ஸொட்டேரோவுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு, ஆனால் குற்றம் முழுக்க அதனுடையது அல்ல. பழைய தமிழ் அறிக்கைகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரியும், பிரதி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். மென்பொருளும் அந்தக் குப்பையைத்தான் வாசிக்கிறது. யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவி ஒன்றில் தலைப்பை மாற்றி ஒட்டுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் கிடைக்கும் பழைய நூல்கள், மலர்கள் பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். படத்திலிருந்து தலைப்பையும் ஆசிரியரையும் பிடிக்க ஸொட்டேரோவால் இயலாது. கனெக்டர் அவற்றைப் பெரும்பாலும் வலைப்பக்கமாகவே பதியும். பதிவின் வகையை ‘நூல்’ என்று மாற்றி, பதிப்பகம், இடம், ஆண்டு மூன்றையும் முகப்புப் பக்கத்தைப் பார்த்துத் தட்டுங்கள். ஒரு நூலுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

தமிழில் கட்டுரை எழுதுபவருக்கு இன்னும் இரண்டு இடர். ஓர் ஆவணத்துக்கு ஒரு மொழிதான். தமிழ் நூலுக்கு ‘மற்றும் பலர்’, ஆங்கில நூலுக்கு அதன் இலத்தீன் சுருக்கம் என்று தானாகப் பிரிக்காது. தமிழ்ப் பதிவுகளும் ஆங்கிலப் பதிவுகளும் ஒரே பட்டியலில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; இரண்டு பட்டியல் கேட்கிற இதழுக்குக் கையால் பிரிக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஸொட்டேரோவோடு உள்ள இணைப்பை நீக்கிய பிரதியில் (வழி கீழே), கடைசி வேலையாக மட்டும் செய்யுங்கள். முன்னதாகச் செய்தால் அழிந்துபோகும்.

வேர்ட்டில் பாவிப்பது இலகு. ‘அட் எடிட் சைட்டேஷன்’ அழுத்தி, ஆசிரியர் பெயரில் மூன்று எழுத்துத் தட்டினால் பதிவு வரும். வந்த குமிழை அழுத்தினால் பக்க எண் சேர்க்கலாம், ஆசிரியர் பெயரை மறைக்கலாம். ‘சிவபாலன் (2015) காட்டியபடி’ என்று எழுத வேண்டிய இடத்தில் பெயரை நீங்கள் தட்டி, குமிழில் மறைத்துவிடுங்கள். பிறகு எண் முறைக்கு மாறினாலும் ‘சிவபாலன் [3] காட்டியபடி’ என்று வாக்கியம் நிற்கும். ‘[3]இல் காட்டியபடி’ என்று எண்ணைப் பெயர்ச்சொல்லாக எழுதிவைத்தால்தான் மறுபக்கம் மாறும்போது வாக்கியம் நொண்டும். நீண்ட ஆய்வேட்டில் ஒவ்வொரு செருகலுக்கும் கணினி திணறினால், ஆவண அமைப்பில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு நாளின் முடிவில் ஒருமுறை புதுப்பித்தால் போதும். கைபேசி வேர்ட்டிலும் உலாவியில் திறக்கும் வேர்ட்டிலும் இது வேலை செய்யாது. லிப்ரே ஒபிஸிலும் கூகுள் டொக்ஸிலும் செய்யும்.

மேற்பார்வையாளரும் மாணவரும் தத்தம் நூலகத்திலிருந்து ஒரே கோப்பில் மேற்கோள் செருகினால், ஒரே கட்டுரை ‘2015a’, ‘2015b’ என்று இரண்டாகப் பிறக்கும். குழு நூலகம் ஒன்றைத் திறந்து, இருவரும் அதிலிருந்து மட்டும் எடுப்பதே தீர்வு. ஒருவர் இதேபோன்ற இன்னொரு மென்பொருளான மெண்டலியிலும் மற்றவர் ஸொட்டேரோவிலும் இருந்தால் அந்தக் கோப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

பாணிகள் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நம் நாட்டுப் பல்கலைக்கழக இதழ்கள் பல ‘ஹாவர்ட் முறை’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் தமக்கென ஒரு வகையை வைத்திருக்கும். அந்தப் பெயரில் பட்டியலில் கிடைக்காது. அந்த இதழின் அண்மைய கட்டுரை ஒன்றை எடுத்து, இதழ்ப் பெயர் சாய்ந்திருக்கிறதா, ஆண்டு அடைப்புக்குள்ளா, தொகுதி எண் தடித்ததா என்று மூன்றை மட்டும் பார்த்து மிக நெருங்கிய பாணியைத் தெரிவுசெய்யுங்கள். மிச்சத்தைக் கடைசிப் பிரதியில் தேடி மாற்றலாம். இதழ்ப் பெயரின் சுருக்கம் கேட்டால், மருத்துவ இதழ்களுக்கு மெட்லைன் பட்டியலிலிருந்து தானாக வரும். உள்ளூர் இதழ்களுக்குச் சுருக்கக் கட்டத்தை நீங்களே நிரப்ப வேண்டும்.

அனுப்பும் நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் தவறினால் திரும்ப வழியில்லை. கோப்பைப் பிரதி எடுத்து ‘அனுப்பும் பிரதி’ என்று பெயரிட்டு, அதில் மட்டும் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ அழுத்துங்கள். மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிடும். மூலக் கோப்பில் அழுத்திவிட்டால் மேற்கோள்கள் எல்லாவற்றையும் மறுபடி செருகுவதுதான் பரிகாரம். கூகுள் டொக்ஸில் இதைச் செய்யாமல் இறக்கினால், மேற்கோள் ஒவ்வொன்றும் ஸொட்டேரோ தளத்துக்கான தொடுப்பாக இதழின் கைக்குப் போகும். பெயர் மறைத்த மீளாய்வென்றால் வேர்ட்காரருக்கும் இது கட்டாயம். இணைப்பு நீக்காத மேற்கோள் ஒவ்வொன்றுக்குள்ளும் உங்கள் ஸொட்டேரோ கணக்கின் இலக்கம் புதைந்திருக்கலாம். முதற்பக்கத்தில் பெயரை அழித்தவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முகப்புக் கடிதம், ஓர்சிட் எனும் ஆய்வாளர் அடையாள இலக்கம், நெறிமுறை அனுமதி, படங்களின் தெளிவு எதிலும் ஸொட்டேரோ உதவாது. அவற்றுக்கு ஒரு தாளில் எழுதிய பட்டியல் போதும்.

திருத்தி மீள அனுப்பும்போது, மாற்றங்களை நிறக்கோட்டில் காட்டும்படி இதழ் கேட்கும். வேர்ட்டின் மாற்றப் பதிவை இயக்கிவிட்டு ஸொட்டேரோவைப் புதுப்பித்தால் பட்டியல் முழுவதும் அழிந்து புதிதாக எழுதப்பட்டதாகச் சிவக்கும், கோப்பும் ஆமையாகும். மாற்றப் பதிவு இல்லாமலே மூலக் கோப்பைத் திருத்தி முடியுங்கள். இணைப்பு நீக்கிய புதுப் பிரதி ஒன்றை எடுத்து, முதல் தடவை அனுப்பிய பிரதியோடு வேர்ட்டின் ‘கம்பேர்’ வசதியால் ஒப்பிடுங்கள். பட்டியல் முழுவதும் சிவக்காது, மீளாய்வாளர் சொல்லி நீங்கள் மாற்றியவை, சேர்த்தவை மட்டும் நிறம் மாறி நிற்கும்.