இட்டேரிக்கும் எஸ்டேட் பாதைக்கும் ஃபிளட் லைட்: எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம்

ஜீப்புக்கு லைட் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். கடைக்காரரும் பெட்டியில் அச்சடித்த 126, 180 என்ற எண்ணைப் படித்துக் காட்டுவார். ஃபிளட் லைட்டுக்கு அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வெளிச்சம் குறுக்கே எவ்வளவு விரிகிறது, மேலே எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

60 டிகிரி வீச்சுள்ள லைட், 10 மீட்டர் தள்ளி சுமார் 11.5 மீட்டர் அகலத்துக்கு விரியும். 120 டிகிரி என்றால் அதே தூரத்தில் 34 மீட்டருக்கு மேல். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரியும் லைட்டில், 60-ஐ 120 ஆக்கினால் முன்னால் விழும் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும். 1500 லூமன் (லைட் விடும் மொத்த வெளிச்சம்) லைட் 60 டிகிரியில் 10 மீட்டரில் 18 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சம்) தருகிறது என்றால், 120 டிகிரியில் 5 லக்ஸ்கூடத் தேறாது. எனவே குறுக்கே மட்டும் அகலமாக, மேலும் கீழும் ஒடுக்கமாக விரிவதுதான் வண்டிக்கு ஏற்றது.

நம் பக்கத்துத் தேவையும் அதுவே. தோட்டத்து இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. முப்பது நாற்பது அடிக்குள் ஓரத்தில் கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வளைவுகளில் ஹெட்லைட் எதிரே உள்ள பள்ளத்தாக்கில் விழும். சக்கரம் திரும்புகிற பக்கம் இருட்டாகவே கிடக்கும். தூர வெளிச்சத்துக்கு ஹை பீம் இருக்கிறது. ஃபிளட்டை அந்த வேலைக்குப் போடுவது வீண் செலவு.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று ரகம். முதலாவது, டிராக்டரிலும் ஜேசிபியிலும் பார்க்கும் 9 எல்இடி வட்ட லைட், 27 வாட். விலை குறைவு, கைக்குக் கிடைக்கும். வெளிச்சம் வட்டமாகவே விழுவதால், முன் பம்பரில் போட்டால் நல்ல பங்கு மரக்கிளைக்கும் வானத்துக்கும் போய்விடும். பின்பக்கம் ரிவர்ஸ் எடுக்கவும், வண்டியை நிறுத்திவிட்டு வேலை பார்க்கவும் இதைவிட மலிவாக வேறு வேண்டியதில்லை. இரண்டாவது, நடுவில் ஸ்பாட் (தூரத்துக்குக் குவிந்து அடிப்பது), ஓரத்தில் ஃபிளட் என்று வரும் நீள பார். கூரையில் மாட்டினால் பானட் பளிச்சென்று மின்னி டிரைவரின் கண்ணைக் கூச வைக்கும். பனியிலும் புழுதியிலும் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

வாங்க வேண்டியது மூன்றாவது: மூன்று நான்கு அங்குலச் சதுர லைட், கண்ணாடியில் செங்குத்தாக வரிவரியாகக் கோடு ஓடுவது. அந்த வரிகள்தான் வெளிச்சத்தைக் குறுக்கே இழுக்கின்றன. கடையிலேயே சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் பிடித்துப் போடச் சொல்லுங்கள். சுவரில் படுக்கைவாட்டில் நீண்ட பட்டையாக விழ வேண்டும். வட்டமாக விழுந்தால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒவ்வொன்றும் உண்மையில் 20 வாட் இருந்தால் ஜோடி போதும்.

உண்மை வாட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் புள்ளியில் தொடராக இணைத்துப் பாருங்கள். ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட். 1.5 ஆம்பியர் காட்டினால் அது 18 வாட் லைட்தான், பெட்டியில் 60 என்று இருந்தாலும். ஒயரைக் கவ்வி அளக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் பல ஏசி கரண்டுக்கு மட்டுமே வேலை செய்யும். பேட்டரிக்கு டிசி கிளாம்ப் வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஆம்பியர் சற்றுக் குறைந்தால் சூட்டைக் கண்டு, எல்இடிக்குக் கரண்டை அளந்து விடும் டிரைவர் சர்க்யூட் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள், அது நல்லதுதான். பாதியாக விழுந்தால் பின்னால் உள்ள அலுமினிய விலாக்கள் போதவில்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் ஐபி எண், தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்கும் தரம். ஐபி67 என்றால் தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். அந்தச் சோதனையில் லைட்டும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். ஓடிச் சூடேறிய லைட்டோடு பள்ளத்துத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் ஓரமாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் கண்ணாடிக்குள் பனி படிந்திருக்கும். பின்புறம் காற்றை மட்டும் விடும் சிறு வென்ட் இருக்கும் லைட்டில் இந்தத் தொல்லை குறைவு. வாட்டர் வாஷ் பீய்ச்சலுக்கு ஐபி67 பொறுப்பல்ல, அதற்கு ஐபி69கே வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை லைட்டின் அருகே கொண்டுபோக வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். 6500 கெல்வின் நீல வெள்ளை ஈரமண்ணில் மேடு பள்ளத்தைச் சரியாகக் காட்டுவதில்லை; 4000 முதல் 5000 வரை கண்ணுக்கு இதம். பனிக்கு மஞ்சள்தான் என்று பலர் சொன்னாலும், பம்பருக்குக் கீழே தாழ்த்தி மாட்டுவதுதான் நிறத்தைவிட அதிகம் உதவும்.

பானட் ஓரத்தில் ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) அடியில் மாட்டினால் ஒவ்வொன்றையும் 30 முதல் 45 டிகிரி வெளியே திருப்புங்கள். அதிர்வில் கழலாத நைலாக் நட்டு போடாவிட்டால் கரட்டுப் பாதையில் தலை தொங்கிவிடும்.

வயரிங்: சிறு சுவிட்சைக் கொண்டு பெரிய கரண்டை இயக்கும் 40 ஆம்பியர் ரிலே. அதன் கால்களில் 30-க்கு பேட்டரி, 87-க்கு லைட், 85-86-இல் சுவிட்சும் எர்த்தும். நான்கு லைட் என்றால் 80 வாட், ஏழு ஆம்பியருக்குள், 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் போதும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். லைட் பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் உரசி பாடியைத் தொடும்போது அது காப்பாற்றாது. ஹெட்லைட் ஒயரைக் கிள்ளி அதிலிருந்தே லைட்டுக்குக் கரண்ட் எடுத்துத் தருகிறேன் என்கிற எலக்ட்ரீஷியனிடம் கொடுக்காதீர்கள். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் லோடைப் பார்த்துக் கோளாறு காட்டும். பேட்டரி நெகட்டிவில் சென்சார் இருக்கும் வண்டிக்கு எர்த்தை சேஸியில் எடுங்கள், பெயிண்டைச் சுரண்டிவிட்டு. லைட் மினுக்கினால் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த எர்த்தைத்தான். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் போன்ற 24 வோல்ட் வண்டிக்கு, 10-30 வோல்ட் லைட் அப்படியே பொருந்தும். ரிலே மட்டும் 24 வோல்ட் காயிலாக இருக்க வேண்டும், மறந்தால் காயில் கருகும்.

பொது ரோட்டில் இவற்றை எரிக்கக் கூடாது. ஏறும்போதே மூடி போட்டுவிடுங்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் காப்பகப் பாதைகளில் விலங்கின் மேல் அடித்தால் வனத்துறை வழக்குப் போடும். ரிலேயின் சுவிட்ச் ஒயரை மட்டும் ஹை பீமோடு கோத்துவிட்டால், டிம் செய்யும்போது இதுவும் அணையும்.