நெகிழ்ச்சியா, உருக்கமா?

மணிவிழா மலருக்கு எழுதும் கொழும்புத் தமிழர் பலர் இவ்விரு சொற்களுக்கிடையே தடுமாறுகிறார்கள்.

பொருள்: நெகிழ்வது இறுக்கம் தளர்வது, உருகுவது கரைந்து போவது.

உணர்வு: நெகிழ்ச்சியில் மகிழ்ச்சிக்கு நிறைய இடமுண்டு. வெள்ளவத்தை மண்டபத்தில் மகளுக்குத் தாலி ஏறும்போது, சிரித்துக்கொண்டே சால்வை நுனியால் கண்ணைத் துடைக்கும் தந்தைக்கு அதுவே பொருந்தும். உருக்கத்தில் பெரும்பாலும் துயரமோ இறைஞ்சலோ கலந்திருக்கும்.

சேர்க்கை: நெகிழ்ச்சியான தருணம், சந்திப்பு, உருக்கமான வேண்டுகோள், கடிதம். ‘நெகிழ்ச்சியான வேண்டுகோள்’ என்பது காதில் ஒட்டவே இல்லை.

வாழ்த்துமடல், பிரியாவிடை உரை என்றால் நெகிழ்ச்சியையே எழுதுங்கள். சத்திரசிகிச்சைக்கு உதவி கோரும் பத்திரிகை அறிவித்தலுக்கு உருக்கம். தேவாரம் மட்டும் விலக்கு: பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் அதை உருக்கமாகப் பாடினார்கள் என்றால், அந்த உருக்கத்தில் ஆனந்தமும் அடங்கும்.