அட்டையா, வாய்ப்பேச்சா, கடிதமா: பிள்ளை தானே உதவி கேட்க எது சரி?

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் போகும் சத்தத்தோடு 40 பிள்ளைகள் உட்காரும் வகுப்பு. அங்கே ஆட்டிசமோ, ஏடிஹெச்டியோ (கவனம் நிலைக்காமை, அதீதத் துறுதுறுப்பு), கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளையிடம் "புரியலன்னா மிஸ்ஸக் கேளு" என்றால் பாதிதான் சொன்ன மாதிரி. எதை, எந்த வார்த்தையில் கேட்பது, மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துத்தான் பழக்க வேண்டும். வடசென்னை அம்மாக்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: தேவையை எழுதிய அட்டையைப் பிள்ளை நீட்டுவது, வாயால் கேட்பது, ஆசிரியருக்குக் கடிதம் கொடுப்பது.

3-ஆம் வகுப்பிலிருந்து 5-ஆம் வகுப்பு வரை எங்கள் ஓட்டு அட்டைக்கு. பதற்றம் ஏறும்போது பல பிள்ளைகளுக்கு முதலில் அடைத்துப்போவது வாய்தான். கை அப்போதும் வேலை செய்யும். சீட்டுக்கட்டு அளவில் மூன்று அட்டை போதும்: "இன்னொரு தபா சொல்லுங்க மிஸ்", "எழுத இன்னும் 5 நிமிஷம் வேணும்", "சத்தம் தாங்கல, வராண்டால நிக்கலாமா?" ஆறு ஏழு அட்டை போட்டுக் கொடுத்தால் சரியானதைத் தேடுவதே பிள்ளைக்குத் தனிப் பரீட்சையாகிவிடும். ஜெராக்ஸ் கடை லேமினேஷன் டியூப்லைட்டில் பளபளக்கும்; கெட்டி அட்டைமேல் ஸ்கெட்ச் பேனாவே நல்லது. கழுத்தில் மாட்டிவிடாதீர்கள், கேலிக்குக் கயிறு கொடுத்த கதைதான். பென்சில் பாக்ஸில் இருக்கட்டும்.

அட்டை தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மிஸ் போர்டுப் பக்கம் திரும்பி எழுதுகிறார், பிள்ளை அட்டையை நீட்டிக்கொண்டே இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. மூன்றாவது நாள் அட்டை வீட்டிலேயே தங்கிவிடும். மேஜையின் எந்த மூலையில் வைத்தால் பார்ப்பார் என்று மிஸ்ஸிடம் முன்கூட்டியே பேசி, இரண்டாவது வரிசையில் இடம் வாங்குங்கள். "ஓவரா யூஸ் பண்றான்" என்று புகார் வந்தால் உடனே அட்டையைப் பிடுங்க வேண்டாம். இரண்டு வாரம் எந்தப் பீரியடில் வெளியே வருகிறது என்று குறியுங்கள். ஒரே பீரியடிலேயே குவிந்தால் சிக்கல் பாடத்திலோ சத்தத்திலோ இருக்கிறது.

வாயால் கேட்பது கடைசியில் எல்லாரும் போய்ச் சேர வேண்டிய இடம், ஆனால் மெதுவாக. வாக்கியத்தில் மூன்று துண்டு வேண்டும்: என்ன சிரமம், என்ன வேண்டும், எவ்வளவு நேரம். "மிஸ், போர்டுல பாத்து எழுத லேட்டாகுது. அழிக்காதீங்க, 5 நிமிஷம்." வீட்டில் தினம் 5 நிமிடம் ஒத்திகை பாருங்கள், அம்மாதான் மிஸ். பலரும் விடும் தப்பு, ஒத்திகையில் எப்போதும் "சரிம்மா" என்றே பதில் சொல்வது. "இப்ப இல்ல, அப்புறம்" என்றும் சொல்லிப் பாருங்கள். அதற்கு "எப்ப கேக்கலாம் மிஸ்?" என்று கேட்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. கண்ணைப் பார்க்காமல், ஏற்ற இறக்கமில்லாமல் பேசும் பிள்ளையைத் திமிர் என்று எண்ணிவிடுவதும் நடக்கும். இதை ஆசிரியரிடம் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கடிதம் 6-ஆம் வகுப்புக்கு மேலே. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வரும்போது அட்டையை ஒவ்வொருவருக்கும் விளக்க முடியாது. ஒரே பக்கம், பிள்ளையின் வார்த்தையில்: எனக்கு வருவது, வராதது, உதவுவது. டாக்டர் ரிப்போர்ட்டைக் காப்பியடித்தால் முதல் வரியோடு மூடிவிடுவார்கள். ஆசிரியருக்கு ஒரு நகல் கொடுங்கள்; ஆசிரியர் மாறினால் மறுபடி கொடுங்கள்.

பொதுத்தேர்வுச் சலுகைக்கு இந்த மூன்றும் செல்லாது. அதற்குச் சான்றிதழும் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பமும் வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஹெச்டி தனியாக இல்லை, ஆகவே கூடவே வேறு எது இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் சலுகையில், பிள்ளை சொல்லச் சொல்லப் பதிலை எழுதுபவர் கிடைத்தாலும் "அந்த வரிய அடிங்க, கேள்வி நம்பர் போடுங்க" என்று முன்பின் தெரியாத பெரியவரிடம் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அந்த ஒத்திகையை 9-ஆம் வகுப்பு அரையாண்டிலேயே ஆரம்பியுங்கள், வீட்டு ஆளை வைத்து வேண்டாம். பக்கத்துத் தெரு அக்கா யாராவது எழுதட்டும்.